லினேக்கர்னா சண்டை மட்டும்தானா சார்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன வாரம் உங்க விளையாட்டுப் பக்கத்துல, இங்கிலாந்துக்கு ஃபுட்பால் ஆடி அப்புறம் பிபிசி டிவியில தொகுப்பாளர் ஆன கேரி லினேக்கர் பத்தி வந்த கட்டுரைய படிச்சேன். ட்விட்டர்ல என்ன போட்டாரு, பிபிசி எவ்ளோ சம்பளம் குடுத்துச்சு, எப்படி வெளிய போனாரு, மொத்தமே அவ்ளோதான் இருந்துச்சு. நடுவுல ஒரு வரி, முன்னாள் வீரர்ங்கற புகழ வச்சு ஈஸியா டிவிக்குள்ள வந்தவர்னு. அந்த ஒரு வரிக்காகத்தான் இந்த லெட்டர். சம்பளத்த எழுதுங்க, சண்டைய எழுதுங்க, தாராளமா எழுதுங்க, ஆனா முப்பது வருஷம் ஒரு மனுஷன் கத்துக்கிட்டு செஞ்ச தொழில ஒரே வரியில ஊதித் தள்ளிட்டீங்களே, அதான் மனசு கேக்கல.

நான் வியாசர்பாடிக்காரன். எங்க பக்கம் ஃபுட்பால் எப்படின்னு உங்க ரிப்போர்ட்டருக்கே தெரியும். ஏரியா டோர்னமெண்ட்ல மைக் புடிக்கற வேலை ரொம்ப வருஷமா எங்கிட்டதான், கோல் போட்டவன் பேரு, உள்ள வர்ற சப்ஸ்டிட்யூட் பேரு, டொனேஷன் குடுத்த கடைக்காரர் பேரு, நடுவுல "பைக்க எடுங்கப்பா, லைன் தெரியல", எல்லாம் நான்தான். ஒரு ஃபைனலுக்கு ஸ்டேட் ஆடின அண்ணன் ஒருத்தர் கெஸ்ட்டா வந்தாரு. கிரவுண்டுல அவரு கால்ல பந்து இருந்தா நாலு பேரு சேந்தாலும் புடுங்க முடியாது, அப்படி ஒரு ஆட்டக்காரர். "அண்ணே ஒரு பத்து நிமிஷம் பேசுங்க"ன்னு மைக்க குடுத்தேன். "நல்லா ஆடுறாங்க... ரெண்டு டீமுமே நல்லா ஆடுறாங்க..." முடிஞ்சுது. வேர்த்து ஊத்துது மனுஷனுக்கு. மைக்க என் கைல திணிச்சுட்டு டீ குடிக்கப் போயிட்டாரு. ஆடத் தெரியறது வேற, ஆட்டத்தப் பத்தி பேசத் தெரியறது வேற, பக்கத்துல உக்காந்திருக்கறவன பேச வைக்கத் தெரியறது மொத்தமா வேற. லினேக்கர் செஞ்சது இந்த மூணாவது வேலை. உங்க கட்டுரை அதப் பத்தி ஒரு வார்த்தை சொல்லல.

முதல்ல ஆட்டக்காரர் லினேக்கர பாத்துடலாம், ஏன்னா அதுலயும் ஒரு தப்பு விட்டிருக்கீங்க. இங்கிலாந்துக்கு 49 கோல் போட்டவர்னு போட்டிருக்கு. இல்ல சார், 80 மேட்ச்ல 48. அந்த 49 பழைய இங்கிலாந்து ஆட்டக்காரர் பாபி சார்ல்டனோடது. அத தொட முடியாமப் போனதுதான் அவரு கதையிலேயே பெரிய வலி. 1992 மே மாசம் பிரேசில் கூட வெம்ப்ளில பெனால்டி கெடச்சுது, போட்டா சார்ல்டனுக்கு சமம், இவரு போயி மெதுவா ஸ்டைலா தூக்கி விட்டாரு, கீப்பர் சாவகாசமா புடிச்சுட்டாரு. அடுத்த மாசம் யூரோ போட்டியில சுவீடன் கூட கோல் கட்டாயம் வேணுங்கற நேரத்துல கோச் கிரகாம் டெய்லர் இவரையே வெளிய கூப்ட்டு ஆலன் ஸ்மித்த இறக்குனாரு. அதோட இங்கிலாந்து ஜெர்சி முடிஞ்சுது. 48லயே நின்னுபோச்சு.

பொறந்தது 1960 நவம்பர் 30, லெஸ்டர்ல. அப்பா லெஸ்டர் மார்க்கெட்ல காய்கறி பழக்கடை போட்டிருந்தாரு, பையனும் கடையில நின்னவன்தான். ஸ்கூல்ல கிரிக்கெட்டும் நல்லா ஆடுவாராம். சொந்த ஊரு டீம் லெஸ்டர் சிட்டிக்கு 1979 ஜனவரி 1 அன்னிக்கு முதல் மேட்ச், அங்கேர்ந்து 1985ல எவர்ட்டன், அங்க ஒரே ஒரு சீசன், 57 மேட்ச்ல 40 கோல். அவ்ளோ அடிச்சும் லீக்லயும் ரெண்டாவது இடம், எஃப்ஏ கப்லயும் (இங்கிலாந்து கிளப்புங்களோட நாக்-அவுட் போட்டி) ஃபைனல்ல தோல்வி, ரெண்டுமே பக்கத்து வீட்டு லிவர்பூல் கிட்ட. அந்த ஃபைனல்ல முதல் கோல போட்டதும் இவருதான். அத நெனச்சா எனக்கே வயிறு எரியும்.

1986 மெக்சிகோ உலகக் கோப்பைய எங்க வயசுக்காரங்க மறக்க மாட்டோம், தூர்தர்ஷன்ல லைவ்வா காட்டுனான், ராத்திரி பதினொன்றரைக்கு மேட்ச் ஆரம்பிக்கும், தெருவுல டிவி இருக்கற வீட்டுத் திண்ணை வரைக்கும் ஆளுங்க. எல்லாருக்கும் மரடோனா பைத்தியம். ஆனா அந்த வருஷம் அதிக கோல் போட்டவனுக்குக் குடுக்கற கோல்டன் பூட் யாருக்குன்னு கேட்டா பாதி பேரு மரடோனான்னுதான் சொல்லுவான். லினேக்கருக்கு சார், 6 கோல். முதல் ரெண்டு மேட்ச்ல இங்கிலாந்து போர்ச்சுகல் கிட்ட தோத்து, மொராக்கோ கூட கோலே இல்லாம டிரா, ஊருக்கு டிக்கெட் போடற நிலைமை. மூணாவது மேட்ச்ல போலந்து கூட முதல் பாதியிலேயே ஹாட்ரிக் போட்டாரு, அதுவும் கை மணிக்கட்டுல கட்டு போட்டுக்கிட்டு. பராகுவே கூட ரெண்டு. அர்ஜென்டினா கூட மரடோனா கையால ஒண்ணு, காலால உலகமே பாக்காத ஒண்ணு போட்ட அதே மேட்ச்ல, ஜான் பார்ன்ஸ் இடது பக்கத்துலேர்ந்து தூக்கிப் போட்ட பந்த தலையால உள்ள தள்ளுனாரு. கொஞ்ச நேரத்துல அதே மாதிரி இன்னொரு பந்து வந்துச்சு, மயிரிழையில போச்சு. அது மட்டும் உள்ள போயிருந்தா 'கடவுளின் கை' கதையவே வேற மாதிரி பேசிக்கிட்டிருப்போம்.

அவரு கோல்கள யூட்யூப்ல வரிசையா போட்டுப் பாருங்க. தூரத்துலேர்ந்து அடிச்ச ராக்கெட் எதுவும் பெருசா இருக்காது. நாலு பேர ஏமாத்திட்டுப் போறதும் இருக்காது. பந்து எங்க வந்து விழும்னு முன்கூட்டியே கணக்குப் போட்டு அங்க போயி நிப்பாரு, பத்து தடவ போனா ஒம்போது தடவ பந்து வராது, ஆனாலும் பத்தாவது தடவையும் போவாரு. இத ஏன் சொல்றேன்னா, ஸ்டூடியோவுல அவரு செஞ்ச வேலையும் இதே புத்திதான். அதுக்கு வர்றேன்.

இன்னொண்ணு, அத்தன வருஷம் ஆடுன ஆளு ஒரு மஞ்சள் கார்டு கூட வாங்கல. ஸ்ட்ரைக்கர் சார்! டிஃபென்டருங்க கணுக்கால குறி வச்சு வெட்டுற காலம் அது. 1990ல ஃபிஃபா ஃபேர் ப்ளே அவார்டு குடுத்தாங்க. அப்படி வாயத் தொறக்காம ஆடுன மனுஷன் பின்னாடி வாயாலயே வேலைய விட்டாருங்கறதுதான் வேடிக்கை. உங்க கட்டுரையில இத எழுதியிருந்தா கூட ரசிச்சிருப்பேன்.

எவர்ட்டன்லேர்ந்து பார்சிலோனா போனாரு, ரியல் மாட்ரிட் கூட 1987 ஜனவரியில ஹாட்ரிக், அதுக்கே அந்த ஊர்க்காரன் தலையில தூக்கி வச்சு ஆடுனான். ஆனா எனக்கு முக்கியமா படறது, அங்க போன வேகத்துல ஸ்பானிஷ் கத்துக்கிட்டாரு. இங்கிலாந்து ஆட்டக்காரங்க வெளிநாடு போனா நாலு இங்கிலீஷ்காரனோடயே சுத்திட்டு ஊருக்குத் திரும்பறதுதான் வழக்கம். இவரு ஸ்பானிஷ்லயே பேட்டி குடுத்தாரு. அப்புறம் டாட்டன்ஹாம், 1991 எஃப்ஏ கப், நடுவுல 1990 உலகக் கோப்பையில இன்னும் 4 கோல். அரையிறுதியில மேற்கு ஜெர்மனி கூட சக ஆட்டக்காரர் காஸ்காயின் மஞ்சள் கார்டு வாங்கிட்டு உதடு துடிச்சு அழ ஆரம்பிச்சப்ப, இவரு பெஞ்சுப் பக்கம் திரும்பி கோச் பாபி ராப்சன் கிட்ட கண்ணாலயும் கையாலயும் "அவன கொஞ்சம் பாத்துக்கோங்க"ன்னு ஜாடை காட்டுன காட்சி இருக்கே, அதப் பாத்திருப்பீங்க. பக்கத்துல இருக்கறவன் எந்த நிலைமையில இருக்கான்னு பதட்டத்துலயும் கவனிக்கற ஆளு. கடைசியா ஜப்பான், நகோயா கிராம்பஸ் எய்ட், ஜே லீக் ஆரம்பிச்ச புதுசு. கால் விரல் காயத்தால அங்க சரியா ஆடவே முடியல. லீக்ல 20 மேட்ச் கூட தேறல. 1994ல முடிச்சுக்கிட்டாரு.

இனிமேத்தான் விஷயமே. ரிட்டயர் ஆன பெரிய ஆட்டக்காரனுக்கு டிவியில ஒரு நாற்காலி எப்பவும் உண்டு, அது உண்மைதான், நான் மறுக்கல. ஆனா அந்த நாற்காலி எது? ஓரத்துல இருக்கற நிபுணர் நாற்காலி. "நான் ஆடுனப்ப"ன்னு ஆரம்பிச்சா போதும், சம்பளம் வந்துடும். லினேக்கர் பேரு வச்சுக்கிட்டு ஆயுசு பூரா அங்கேயே உக்காந்திருக்கலாம். அந்த வேலையும் கொஞ்ச நாள் பாத்தாரு. ஆனா கண்ணு நடு நாற்காலி மேல. கேமராவ நேராப் பாத்து வணக்கம் சொல்லி, நிகழ்ச்சிய கையில புடிச்சு, முடியற வினாடியில முடிச்சு வைக்கற நாற்காலி. அதுக்கு உலகக் கோப்பையில போட்ட பத்து கோல் ஒண்ணுக்கும் உதவாது. ரேடியோவுலேர்ந்து ஆரம்பிச்சாரு. அப்புறம் சனிக்கிழமை மத்தியானம் வர்ற ஃபுட்பால் ஃபோகஸ். 1995லேர்ந்து ஒரு விளையாட்டு வினாடி வினா காமெடி ஷோவுல டீம் கேப்டன், அங்க காமெடி பண்ற ஆளுங்க இவரையே வச்சு ஓட்டுவாங்க, இவரு சிரிச்சுக்கிட்டே வாங்கிக்கணும், திருப்பியும் குடுக்கணும். அந்தப் பழைய கிளிப் எல்லாம் தேடிப் பாருங்க, மனுஷன் ஆரம்பத்துல சுமார்தான் சார், முகம் விறைப்பா இருக்கும், எழுதி வச்சத படிக்கறது அப்பட்டமா தெரியும், ஜோக் சொல்லிட்டு யாராவது சிரிக்கறாங்களான்னு கண்ணு அலையும். ஈஸியா வந்தவன் மூஞ்சியா அது?

அவருக்கு முன்னாடி ஆட்டக்காரனே நடு நாற்காலியில உக்காரலையான்னு கேக்கலாம். ஜிம்மி ஹில் உக்காந்தாரு, ஃபுல்ஹாம்ல ஆடுனவரு, ஆட்டக்காரங்க சங்கத்துக்குத் தலைவரா இருந்து 1961ல வாரத்துக்கு 20 பவுண்டுக்கு மேல யாருக்கும் குடுக்கக் கூடாதுங்கற சம்பள வரம்பையே ஒழிச்சுக் கட்டுனவரு, நியாயமா அவரப் பத்தி தனியா ஒரு முழுப் பக்கம் நீங்க போடலாம். ஆனா ஹில் ஆட்டக்காரரா அவ்ளோ பெரிய ஸ்டார் இல்ல. உலகக் கோப்பை கோல்டன் பூட் வாங்குனவன் எல்லாத்தையும் கழட்டி வச்சுட்டு அப்ரண்டீஸா சேந்தது லினேக்கர் கதை.

1999 ஆகஸ்ட்ல டெஸ் லைனம்னு அங்க ரொம்பப் பிரபலமான தொகுப்பாளர், மீசை வச்சுக்கிட்டு எதுக்கும் அலட்டிக்காத ஆளு, திடுதிப்புன்னு போட்டி சேனல் ஐடிவிக்குப் போயிட்டாரு. அந்த இடத்துக்கு லினேக்கர் வந்தாரு. மேட்ச் ஆஃப் த டே, 1964லேர்ந்து பிபிசியில ஓடற ஃபுட்பால் ஹைலைட்ஸ் நிகழ்ச்சி. நம்ம ஊரு வாசகருக்கு இதுல ஒரு விஷயம் புரியணும். ஹைலைட்ஸ் காட்டற நிகழ்ச்சிக்கு ஏன் இவ்ளோ மவுசுன்னு தோணும். இங்கிலாந்துல சனிக்கிழமை மத்தியானம் ஒரு தடை இருக்கு, ரெண்டே முக்கால்லேர்ந்து அஞ்சேகால் வரைக்கும் எந்த சேனலும் ஃபுட்பால் லைவ் காட்டக் கூடாது, ஜனங்க கிரவுண்டுக்குப் போகணும், சின்ன சின்ன கிளப்புங்க கேட் காசு இல்லாம சாகக் கூடாதுன்னு 60கள்லேர்ந்து இருக்கற வழக்கம். நாம இங்க சோஃபாவுல உக்காந்து பாக்கற மூணு மணி மேட்ச்ச லண்டன்ல இருக்கறவன் அவன் வீட்டு டிவியில பாக்க முடியாது! அவனுக்கு ராத்திரி பிபிசியில வர்ற ஹைலைட்ஸ்தான் கதி. அதுவும் விளம்பரமே இல்லாம. அதனால சனிக்கிழமை ராத்திரின்னா நாடே அதுக்கு முன்னாடி உக்காந்த காலம் ஒண்ணு இருந்துச்சு, எந்த மேட்ச்ச முதல்ல போட்டான், என் டீம ஏன் கடைசில போட்டான்னு திங்கக்கிழமை வரைக்கும் சண்டை நடக்கும்.

இப்ப அந்த நடு நாற்காலி வேலைய கொஞ்சம் கிட்டப் போய்ப் பாக்கலாம். மத்தியானம் முழுக்க சால்ஃபர்ட்ல பிபிசி கட்டடத்துல ஒரு ரூம்ல வரிசையா ஸ்கிரீன் வச்சு எல்லா மேட்ச்சும் ஒரே நேரத்துல ஓடும், இவரும் நிபுணர்களும் உக்காந்து பாப்பாங்க, எத எடுத்துப் பேசலாம், எந்த கிளிப் வெட்டலாம்னு அங்கயே முடிவாகும். ராத்திரி நிகழ்ச்சி ஆரம்பிச்சா இவரு காதுல இயர்பீஸ். பக்கத்துல நிபுணர் ஆலன் ஷியரர் பேசிக்கிட்டிருப்பாரு, அதே நேரத்துல காதுக்குள்ள ஒரு குரல் எண்ணிக்கிட்டிருக்கும், இன்னும் இருபது வினாடி, பதினஞ்சு, பத்து. இவரு ஷியரர் முகத்தப் பாத்து தலையாட்டணும், அவரு சொல்றத நெசமாவே கேட்டு அடுத்த கேள்விய அதுலேர்ந்தே எடுக்கணும், அவரு மனசு நோகாம வெட்டணும், கேமரா பக்கம் திரும்பி அடுத்த மேட்ச்சுக்கு ஒரு வரி சொல்லி, அந்த வரி சரியா பூஜ்யத்துல முடியணும். ஒரு வினாடி முன்ன பின்ன போனா அசிங்கம். எனக்கு டோர்னமெண்ட்ல பின்னாடிலேர்ந்து யாராவது "டொனேஷன் பேரு சொல்லு"ன்னு கத்துனாலே பேசிக்கிட்டிருந்தது மறந்து போயிடும்.

அதவிட பெரிய கஷ்டம் ஒண்ணு இருக்கு. பதில் தெரிஞ்சும் வாயத் தொறக்காம இருக்கறது. ஒரு ஸ்ட்ரைக்கர் ஆறு கெஜத்துலேர்ந்து கோல மிஸ் பண்றான். ஏன் மிஸ் பண்ணான்னு உலகத்துலயே நல்லாத் தெரிஞ்ச பத்து பேர்ல லினேக்கர் ஒருத்தர். ஆனா அவரு "ஆலன், அங்க என்ன ஆச்சு?"ன்னு தெரியாத மாதிரி கேக்கணும். பதிலச் சொல்லி பேரு வாங்கறது ஷியரர் (ப்ரீமியர் லீக்ல 260 கோல் போட்டவரு, அவருக்கும் ஈகோ இருக்கும்ல). பந்து எங்க விழும்னு தெரிஞ்சு அங்க போயி நின்ன அதே ஆளு, இப்ப பந்த அடுத்தவன் கால்ல விழ வச்சுட்டு ஒதுங்கி நிக்கறாரு. ரிட்டயர் ஆன நம்ம பெருசுங்க எத்தன பேருக்கு அது வரும்? ஒரு கேள்வி கேக்கறேன்னு ஆரம்பிச்சு 1984ல நான் ஆடுன மேட்ச்ல போயி நிக்கும்.

நிபுணர் சொன்னது நிலைக்கும், தொகுப்பாளர் சொன்னது விடிஞ்சா மறந்துடும், அதுதான் அந்த வேலையோட லட்சணம். 1995 ஆகஸ்ட்ல மான்செஸ்டர் யுனைடெட் முதல் மேட்ச் தோத்தப்ப ஆலன் ஹேன்சன் இதே நிகழ்ச்சியில, சின்னப் பசங்கள வச்சுக்கிட்டு எதையும் ஜெயிக்க முடியாதுன்னு சொன்னாரு. அந்த சின்னப் பசங்க அந்த சீசன் லீக்கையும் எஃப்ஏ கப்பையும் சேத்து அள்ளிட்டாங்க. இன்னிக்கும் ஹேன்சன அத வச்சு ஓட்டறாங்க. அவர பேச வச்ச லைனம் என்ன கேட்டாரு? யாருக்கும் ஞாபகம் இல்ல.

லினேக்கரோட இன்னொரு பலம் தன்னையே கிண்டல் பண்ணிக்கறது. 1990 உலகக் கோப்பையில அயர்லாந்து மேட்ச்ல வயித்துக் கோளாறு, கிரவுண்டுலயே ஆகிப்போச்சு, புல்லுல தேச்சுக்கிட்டு எழுந்து ஆடுனாரு. ஒருத்தன் கேமரா முன்னாடி அத அவனே விலாவாரியா சொல்லி சிரிக்கறான்னா, அப்புறம் அவன யாரு என்ன சொல்லி கேலி பண்ணிட முடியும்? 2015 டிசம்பர்ல லெஸ்டர் சிட்டி டேபிள்ல முதல் இடத்துல நின்னப்ப, ப்ரீமியர் லீக் மட்டும் ஜெயிச்சா அடுத்த சீசன் முதல் நிகழ்ச்சிய ஜட்டியோட நடத்தறேன்னு ட்விட்டர்ல போட்டாரு. சீசன் தொடக்கத்துல லெஸ்டருக்கு சூதாட்டக் கம்பெனிங்க வச்ச விலை 5000க்கு 1. ஜெயிச்சுட்டானுங்க! 2016 ஆகஸ்ட்ல 55 வயசு மனுஷன் வெள்ளை டிராயரோட வந்து நின்னு, பக்கத்துல ஷியரரும் இயன் ரைட்டும் சிரிப்ப அடக்க முடியாம இருக்க, எதுவுமே நடக்காத மாதிரி நிகழ்ச்சிய நடத்துனாரு. அதே லெஸ்டர் கிளப் 2002ல கடன்ல மூழ்குனப்ப ஆளுங்கள சேத்து சொந்தப் பணமும் போட்டு காப்பாத்துனவங்கள்ல இவரு முக்கியமானவரு, அதனால அந்த டிராயர் கூத்து வெறும் விளம்பரம்னு எனக்குத் தோணல.

சம்பளம். 2017லேர்ந்து பிபிசி பெரிய சம்பளக்காரங்க பட்டியல வெளியிட ஆரம்பிச்சுது, இவருக்கு வருஷத்துக்கு பதினேழரை லட்சம் பவுண்டுக்கு மேல, 2020ல பேசிக் குறைச்சு பதிமூன்றரை லட்சம் பவுண்டு கிட்ட வந்துச்சு. ஜாஸ்திதான், அதுவும் டிவி வச்சிருக்கற ஒவ்வொரு வீட்டுக்காரனும் லைசென்ஸ் ஃபீஸ் கட்டி நடக்கற நிறுவனம், அவன் கேக்கத்தான் செய்வான், கேக்கணும். இதுல உங்க கட்டுரை கூட எனக்கு சண்டை இல்ல. அடுத்தது.

2023 மார்ச் விஷயம். அகதிகளா படகுல வர்றவங்களத் தடுக்க இங்கிலாந்து அரசாங்கம் கொண்டு வந்த சட்டத்தப் பத்தி உள்துறை அமைச்சர் சுவெல்லா பிராவர்மேன் வீடியோ போட்டாங்க. லினேக்கர் அத கொடூரமான பாலிசின்னு சொல்லி, அதுல இருக்கற பேச்சு 30கள்ல ஜெர்மனி பேசுன பேச்சுக்குத் தூரம் இல்லன்னு ட்வீட் போட்டாரு. உங்க கட்டுரை இதுவரைக்கும் சொல்லுச்சு, இவரு தன் வீட்லயே அகதிகளுக்கு இடம் குடுத்து தங்க வச்சவர்ங்கறத சொல்லல. பிபிசி இவர ஓரமா நிக்க வச்சுது. செய்தி வாசிக்கறவரு நடுநிலையா இருக்கணும், சரி. ஃபுட்பால் ஹைலைட்ஸ் நடத்தற காண்ட்ராக்ட் ஆளு அவரு சொந்தப் பக்கத்துல எழுதறதுக்கும் அதே அளவுகோலான்னா, எனக்கு அது சரின்னு படல. எழுதுனது சரியா தப்பாங்கறது வேற பஞ்சாயத்து.

ஆனா அந்த சனிக்கிழமை, மார்ச் 11, அதத்தான் நீங்க விரிவா எழுதியிருக்கணும். முதல்ல இயன் ரைட் நான் வரலன்னாரு. அப்புறம் ஷியரர். அப்புறம் கமெண்டரி பண்றவங்க. மத்தியானம் வர்ற ஃபுட்பால் ஃபோகஸ் போடவே இல்ல. ராத்திரி மேட்ச் ஆஃப் த டே இருபது நிமிஷம் மட்டும் வந்துச்சு, அந்த ட்ரேட்மார்க் மியூசிக் இல்ல, தொகுப்பாளர் இல்ல, நிபுணர் இல்ல, கமெண்டரி கூட இல்ல, கிரவுண்டு சத்தத்தோட கோல் கோல் கோல், முடிஞ்சுது. வேடிக்கை பாக்கவே ஜனம் கூடி வழக்கத்த விட அதிகம் பேரு பாத்தாங்கங்கறதும் உண்மை, சில பேரு இதுவே நல்லாருக்குன்னு கூட சொன்னாங்க. நான் கிளிப்பு கிளிப்பா பாத்தேன். எந்த கோலும் எந்த கோலோடயும் ஒட்டல. எது முக்கியம் எது சும்மான்னு சொல்ல ஆளில்ல. எங்க டோர்னமெண்ட்ல கரண்ட் போயி மைக் செத்துட்டா கூட்டத்துக்கு ஸ்கோரே மறந்து போகும், அந்த மாதிரி ஆயிடுச்சு. சக ஆளுங்க ஒருத்தன் விடாம கூட நின்னாங்களே, அதுவும் சும்மா வருமா? நடு நாற்காலியில உக்காந்து இருபத்தஞ்சு வருஷம் அடுத்தவனுக்கு பாஸ் போட்டவனுக்குத்தான் அது கெடைக்கும். ரெண்டு நாள்ல பிபிசி தலைவர் டிம் டேவி இறங்கி வந்தாரு, இவரத் திரும்பக் கூப்ட்டாங்க.

2025 மே கதையில எனக்கு அவரு மேல கோவம். ஜியோனிசம் (யூதர்களுக்குத் தனி நாடு வேணுங்கற கொள்கை) பத்தின ஒரு வீடியோவ இன்ஸ்டாகிராம்ல ஷேர் பண்ணாரு, அதுல ஒரு எலிப் படம் இருந்துச்சு. நாஜி காலத்துல யூதர்கள எலின்னு சித்தரிச்ச கேவலம் உலகத்துக்கே தெரியும். தெரிஞ்சே அப்படி ஒண்ண போடமாட்டேன்னு சொன்னாரு, அழிச்சாரு, நிபந்தனை இல்லாம மன்னிப்புக் கேட்டாரு. இருக்கலாம். காசா ஜனங்களுக்காகப் பேசறது ஒரு பக்கம், அத நானும் தப்புன்னு சொல்ல மாட்டேன். ஆனா ஒவ்வொரு கிளிப்பையும் நாலு தடவ பாத்துட்டு ஏத்தறதுதான தொழிலு உங்களுக்கு? ஸ்டூடியோவுல ஒரு வினாடி தவறவிடாத ஆளு, கையில இருக்கற ஃபோன்ல கோட்ட விட்டாரு. சீசன் முடிஞ்சதும் இந்த நிகழ்ச்சிய விடறதா 2024 நவம்பர்லயே அறிவிச்சாச்சு, 2026 உலகக் கோப்பை வரைக்கும் பிபிசியிலயே இருக்கறதாத்தான் ஏற்பாடு. எல்லாம் போச்சு. மே 25 அன்னிக்கு கடைசி நிகழ்ச்சி. அந்த உலகக் கோப்பையோட முதல் மேட்ச் எங்க தெரியுமா, மெக்சிகோ ஆஸ்டெக்கா ஸ்டேடியம், 86ல இவரு மரடோனா டீமுக்கு எதிரா தலையால போட்டாரே அதே இடம். பிபிசிக்காக அங்கேர்ந்து பேச வேண்டிய ஆளு.

அதுக்காக மனுஷன் வீட்ல உக்காரல. கோல்ஹேங்கர்னு 2014லயே சொந்தமா கம்பெனி ஆரம்பிச்சு வச்சிருக்காரு, வரலாறு, அரசியல், ஃபுட்பால்னு அவங்க போடற பாட்காஸ்ட் எல்லாம் அங்க செம ஹிட்டு. ஷியரரும் இன்னொரு முன்னாள் ஆட்டக்காரர் மைக்கா ரிச்சர்ட்ஸும் இப்பவும் அதுல கூட உக்காந்து பேசறாங்க. 2025 செப்டம்பர்ல அங்க ஜனங்க ஓட்டுப் போட்டுக் குடுக்கற நேஷனல் டெலிவிஷன் அவார்டுல சிறந்த தொகுப்பாளர் இவருதான். ஆன்ட் அண்ட் டெக்னு ஒரு ஜோடி 23 வருஷமா தொடர்ந்து வாங்கிட்டிருந்த அவார்டு சார் அது. வேலைய விட்டு அனுப்பி நாலு மாசம் கூட முழுசா ஆகல.

ஒரு ஆளு இடத்துக்கு இப்ப மூணு பேரு, மார்க் சாப்மன், கேபி லோகன், கெல்லி கேட்ஸ். மூணு பேரும் தொழில்முறை தொகுப்பாளர்கள், பெரிய ஃபுட்பால் ஆட்டக்காரங்க இல்ல (கேட்ஸ் லிவர்பூல் ஜாம்பவான் கென்னி டால்க்லிஷோட பொண்ணு, லோகன் முன்னாள் ஜிம்னாஸ்டிக்ஸ் வீராங்கனை). ஆட்டக்காரிங்க பக்கம் பாத்தா அலெக்ஸ் ஸ்காட், இங்கிலாந்துக்கு 140 மேட்ச் ஆடுனவங்க, ஆடிக்கிட்டிருக்கும்போதே ஸ்போர்ட்ஸ் ரைட்டிங், பிராட்காஸ்டிங்னு காலேஜ்ல டிகிரி படிச்சுட்டுத்தான் மைக் பக்கம் வந்தாங்க, 2021ல ஃபுட்பால் ஃபோகஸ் நடு நாற்காலி அவங்களுக்குக் கெடச்சுது. ஆட்டக்காரங்க சங்கமே நடத்த உதவற கோர்ஸ் அது.

இதத்தான் சார் கேக்கறேன். அடுத்த தடவ ரிட்டயர் ஆன ஆட்டக்காரன் ஒருத்தன் மைக் புடிச்சா, அவன் எங்க கத்துக்கிட்டான், யாருகிட்ட கத்துக்கிட்டான், என்ன தப்பு பண்ணான், எப்படி திருத்திக்கிட்டான்னு ஒரு பத்தியாவது எழுதச் சொல்லுங்க உங்க ரிப்போர்ட்டர. எங்க ஏரியாவுல ஆடி முடிச்ச பசங்க நெறைய பேரு இருக்கானுங்க, முட்டி போயி, வேலையும் இல்லாம, ஆட்டத்தப் பத்தி பேச ஆரம்பிச்சா மணிக்கணக்கா பேசுவானுங்க, ஆனா மைக்கு குடுத்தா அந்த அண்ணன் மாதிரிதான் டீக்கடைக்கு ஓடுவானுங்க. உங்க பேப்பர் எங்க சலூன்லயும் டீக்கடையிலயும் வருது, முதல்ல விளையாட்டுப் பக்கத்தத்தான் உருவறானுங்க. அந்த 49ஐயும் முடிஞ்சா நாளைக்கே 48ன்னு திருத்திப் போட்டுடுங்க.

இப்படிக்கு,
உங்கள் நீண்ட நாள் வாசகன்,
வியாசர்பாடி, சென்னை.